குடிகாரத் தந்தையும் ஐந்து டாலரும்

குடிநோய் குடிப்பவரின் உடலோடு நிற்பதில்லை. வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் இயல்பையும் அது மாற்றிவிடுகிறது. இதனை இளையோருக்காக எழுதப்பட்ட நாவல்களில் ஆழமாகக் காட்டிய ஒன்று, அமெரிக்கப் பூர்வகுடி எழுத்தாளர் ஷெர்மன் அலெக்ஸி 2007இல் வெளியிட்ட 'தி அப்சல்யூட்லி ட்ரூ டைரி ஆஃப் எ பார்ட்-டைம் இண்டியன்'. வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட 'ரிசர்வேஷன்' எனும் நிலப்பகுதியில் வளரும் 14 வயது ஜூனியர், ஊர்ப் பள்ளியை விட்டு 22 மைல் தொலைவில் வெள்ளையர் பிள்ளைகள் படிக்கும் ரியர்டன் பள்ளியில் சேர்வதே கதை.

குடிகாரத் தகப்பனைக் கொடியவனாக்குவது கதாசிரியருக்கு எளிது. ஜூனியரின் தந்தையோ அடிக்காதவர், வாய்ப்பிருந்திருந்தால் இசைக் கலைஞராகியிருக்கக் கூடியவர். ஆயினும் மகனைப் பள்ளியில் கொண்டுவிட வேண்டிய நாளில் காரில் பெட்ரோல் இருக்குமா, அவர் நிதானத்தில் இருப்பாரா என்பதை எவராலும் சொல்ல இயலாது. கிறிஸ்துமஸ் வேளையில் வீட்டிலிருந்த சொற்பப் பணத்தோடு குடிக்கப் போனவர், ஜனவரி 2 அன்று திரும்பிவந்து, தம் பூட்ஸுக்குள் மகனுக்காக ஒளித்துவைத்த ஐந்து டாலர் தாளை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். குடிக்கத் துடித்த உடலோடு போராடி அத்தாளைக் காத்த அன்பும் பண்டிகையைப் பாழாக்கிய கேடும் ஒரே மனிதருக்குரியவை என்பதை மகன் ஒருசேர உணரும் இப்பகுதியே நாவலின் உயிர்நிலை.

குடிநோயாளி வீட்டுப் பிள்ளைகள் தம்மையறியாமலே சில வேடங்களை ஏற்கின்றனர் என்பது ஷாரன் வெக்ஷைடர்-குரூஸ் முதலிய அமெரிக்கக் குடும்ப ஆலோசகர்கள் பரப்பிய கருத்து: சாதித்து மானம் காப்பவன் 'வீரன்', பழி சுமப்பவன் 'பலியாடு', ஓசையின்றி ஒதுங்குபவன் 'தொலைந்த குழந்தை', சிரிக்கவைத்து இறுக்கம் தளர்த்துபவன் 'கோமாளி'. காதல் நாவல் எழுதும் கனவை மறைத்துக்கொண்டு வீட்டின் நிலவறையில் அடைந்துகிடந்த ஜூனியரின் அக்காள் மேரி தொலைந்த குழந்தைதான். பின்னர் மொன்டானாவில், தீப்பற்றிய வீட்டில், போதையில் எழ முடியாமல் அவள் இறக்கிறாள். கேலிச்சித்திரம் வரையும் ஜூனியர் வீரனும் கோமாளியும் ஆவான். 'ரௌடி' எனும் பெயருடைய நண்பனோ குடிகாரத் தகப்பனிடம் அடிபட்டு வெளியே பிறரை அடிப்பவன், ஆனால் சிறுபிள்ளைகளுக்கான காமிக்ஸை ஒளித்துப் படிப்பவன். எந்த ஒரு வேடமும் அவனுக்குப் போதாது.

உண்மையில் இவ்வகைப்பாடு வீட்டின் நான்கு சுவர்களோடு நின்றுவிடுகிறது; நாவலில் குடியின் கேடோ அவற்றைத் தாண்டியும் பரவுகிறது. வாழ்நாளில் மதுவைத் தொடாத பாட்டி, குடித்து வண்டியோட்டியவனால் இறக்கிறார். தந்தையின் நண்பர் யூஜீன், மதுப் புட்டியின் கடைசி மிடறுக்காக எழுந்த சண்டையில் தம் நண்பனாலேயே சுடப்படுகிறார். தாயும் முன்பு குடித்து மீண்டவரே. கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியவர். அப்பெற்றோரின் கனவுகளை எவரும் பொருட்படுத்தாத வறுமையையும் நோய்க் காரணங்களுள் ஒன்றாக அலெக்ஸி வைக்கிறார்.