ஒரு குறிப்பேடு, இரு கணினிகள்: பிரதிகளை ஒத்திசைவாக வைத்துக்கொள்ளும் முறை

1837-ஆம் ஆண்டில், சுவாதித் திருநாள் மன்னரின் ஆட்சிக் காலத்தில், திருவனந்தபுரத்தில் வானாய்வு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. 1852-இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஜான் ஆலன் பிரவுன் என்னும் விஞ்ஞானி, 1855-இல் அகத்தியமலையின் மேலும் ஓர் ஆய்வு நிலையத்தை அமைத்தார். பூமியின் காந்தத் தன்மையையும் காற்றின் அழுத்தத்தையும் நகரிலும் மலையிலும் ஒரே வேளையில் அளந்து ஒப்பிடுவது அவர் நோக்கம். இரு நிலையங்களின் காந்த அளவுகளும் பின்னர் 1874-இல் நூலாக வெளிவந்தன.

இரண்டு இடங்களில் இரண்டு பதிவேடுகள் இருந்தன. எனினும், மலையிலுள்ளோர் மலையின் அளவுகளையும், நகரிலுள்ளோர் நகரின் அளவுகளையும் எழுதினர். ஒருவர் ஏட்டில் மற்றவர் எழுதுவதில்லை. ஆதலால் எந்த ஏடு சரியானது என்னும் ஐயத்திற்கு அங்கு இடமில்லை. இன்று களப்பணியாளரும் ஆசிரியரும் எதிர்கொள்வது இதனினும் கடினமான நிலை. அலுவலகத்து மேசைக்கணினியிலும் கையோடு கொண்டு செல்லும் மடிக்கணினியிலும் இருப்பது ஒரே ஏட்டின் இரு பிரதிகள். இரண்டிலும் எழுதுகிறவர் ஒருவரே. அவ்விரு பிரதிகளும் வேறுபடாமல் காப்பது எங்ஙனம் என்பதை இக்கட்டுரை விளக்கும்.

கேரளப் பள்ளிகளில் இக்கேள்வி இன்று பரவலாக எழக்கூடியது. பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட கைட் என்னும் மாநில அரசு நிறுவனம், உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தின் கீழ் வகுப்பறைகளுக்கு மடிக்கணினிகளை வழங்கியுள்ளது. கட்டற்ற மென்பொருளான லினக்ஸ் அமைப்பில் அவை இயங்குகின்றன. பள்ளியில் ஒரு கணினி, இல்லத்தில் மற்றொன்று என்னும் நிலையில் பாடக் குறிப்புகளும் மதிப்பெண் பட்டியல்களும் இரண்டிடத்தும் சிதறிக் கிடப்பது இயல்பே.

பிழை நேரும் விதம்

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். மழை அளவுகளைத் திரட்டும் பணியாளர் ஒருவர், மாதத் தொடக்கத்தில் மேசைக்கணினியிலுள்ள ஏட்டை மடிக்கணினிக்குப் பிரதி செய்துகொண்டு வெளியே செல்கிறார். புதன்கிழமையன்று 14 நிலையங்களின் அளவுகளை மடிக்கணினியில் எழுதுகிறார். வியாழக்கிழமையன்று அலுவலகத்தில் உள்ள உதவியாளர், மேசைக்கணினியின் பழைய பிரதியைத் திறந்து ஓர் ஊரின் பெயரிலுள்ள எழுத்துப் பிழையைத் திருத்திச் சேமிக்கிறார். வெள்ளிக்கிழமை பணியாளர் திரும்பி வந்து, 'புதிய தேதியுள்ள பிரதியே சரியானது' என்னும் விதிப்படி இரண்டையும் ஒன்றாக்குகிறார். மேசைக்கணினியின் பிரதிக்கு வியாழக்கிழமைத் தேதி உள்ளது. ஆதலால் அதுவே நிலைபெறுகிறது. ஓர் எழுத்தைத் திருத்தியதன் விளைவாக 14 அளவுகளும் மறைந்தன. பெய்த மழையை மீண்டும் அளக்க இயலாது.

இவ்வரிகளை எழுதுபவருக்கும் இத்தகைய அனுபவம் உண்டு. கலைச்சொற் பட்டியல் ஒன்றை இரு கணினிகளில் வைத்துத் திருத்தி வந்தபொழுது, பென் டிரைவிலிருந்த பழைய பிரதி புதியதன்மேல் பதிந்து, மூன்று வாரத் திருத்தங்கள் அழிந்தன. எக்கருவியும் பழுதடையவில்லை, எவ்வித எச்சரிக்கையும் தோன்றவில்லை. கணினி இட்ட பணியைச் செவ்வனே செய்தது, விதிதான் தவறானது.

கடிகாரத்தை நம்பலாகாது

தேதியைக் கொண்டு தீர்மானிக்கும் விதி, கணினிகளின் கடிகாரங்கள் சரியாக இருப்பினும் தவறக்கூடும் என்பதை மேற்கண்ட உதாரணம் காட்டுகிறது. கடிகாரங்களும் தவறினால் நிலைமை மேலும் மோசமாகும். கணினியினுள் உள்ள சிறு பட்டன் பாட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் நின்றதும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். இன்று எழுதிய குறிப்பு அப்பொழுது மிகப் பழையதாகத் தோன்றும். பென் டிரைவுகள் பலவற்றில் உள்ள ஃபாட் என்னும் கோப்பு அமைப்போ, திருத்திய நேரத்தை இரண்டு வினாடி இடைவெளிகளில் மட்டுமே குறிக்கவல்லது. ஆகவே ஒரே கோப்பின் நேரம் இரண்டிடங்களில் சற்று வேறுபட்டுக் காணப்படுவதுண்டு.

இணையத்தின் மூலம் கணினியின் கடிகாரத்தைச் சரிசெய்யும் வசதி உண்டு. இந்திய நியம நேரத்தைப் பேணும் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடமும் இச்சேவையை அளிக்கிறது. இதனை உபயோகிப்பது நன்று. ஆனால் கடிகாரம் சரியாயிருப்பதொன்றே போதாது.

1978-இல் லெஸ்லி லாம்போர்ட் என்னும் அமெரிக்க விஞ்ஞானி இதன் அடிப்படையை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். தனித்தனியே இயங்கும் கணினிகளில் 'எது எப்பொழுது நிகழ்ந்தது' என்று கேட்பதைவிட, 'எது எதனை அறிந்தபின் நிகழ்ந்தது' என்று கேட்பதே பொருத்தம் என்பது அதன் சாரம். இக்கருத்தை ஒட்டிப் பின்னர் உருவானதே பதிப்பு எண் வரிசை என்னும் முறை.

எண்ணிக்கையால் அறிதல்

இம்முறையில் ஒவ்வொரு குறிப்புடனும், கணினிக்கு ஒன்றாக எண்கள் சேர்த்து வைக்கப்படும். மேசைக்கணினியில் ஒரு முறை எழுதினால் முதல் எண் ஒன்று கூடும். மடிக்கணினியில் எழுதினால் இரண்டாம் எண் ஒன்று கூடும்.

மேசைக்கணினியில் ஒரு குறிப்பு எழுதப்பட்டது எனக் கொள்வோம். அதன் எண்கள் 1, 0. அது மடிக்கணினிக்குப் பிரதி செய்யப்பட்டு, அங்கே ஒரு முறை திருத்தப்பட்டது. அப்பிரதியின் எண்கள் 1, 1 ஆகும். இரண்டையும் ஒப்பிடும்பொழுது மடிக்கணினியின் எண்களுள் எதுவும் குறைவாக இல்லை. ஒன்று அதிகமாக உள்ளது. ஆகவே மடிக்கணினியின் பிரதி பழையதை அறிந்தபின் எழுதப்பட்டது என்பது தெளிவு. மேசைக்கணினி அதனை ஐயமின்றி ஏற்கலாம்.

இனி, அவை மீண்டும் இணைவதற்கு முன் மேசைக்கணினியிலும் ஒரு திருத்தம் நிகழ்ந்ததாகக் கொள்வோம். அங்கே எண்கள் 2, 0. மடிக்கணினியில் 1, 1. முதல் எண்ணில் ஒன்று பெரிது. இரண்டாம் எண்ணில் மற்றது பெரிது. எந்தப் பிரதியும் மற்றதை அறியாது என்பதே இதன் பொருள். இதுவே முரண். மழை அளவு உதாரணத்தில் நேர்ந்ததும் இதுதான். இந்நிலையில் நல்ல கருவி எதனையும் அழிக்காது. இரண்டையும் வைத்து, தீர்ப்பை மனிதனிடம் விட்டுவிடும். இத்தனையும் கடிகாரத்தின் துணையின்றியே அறியப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கருவிகள் சில

1996-இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் ஆகிய இருவர் ஆர்சிங்க் என்னும் கருவியை வெளியிட்டனர். பழைய பிரதியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சோதனை எண்ணைக் கணக்கிட்டு மறுபுறம் அனுப்புவது இதன் உத்தி. மறுபுறம் அவ்வெண்களுடன் பொருந்தாத பகுதிகள் மட்டுமே திருப்பி அனுப்பப்படும். பெரிய கோப்பில் ஒரு வரி மாறினால் முழுக் கோப்பும் இணையத்தில் பயணம் செய்ய வேண்டியதில்லை. ஆயினும் ஆர்சிங்க் ஒரு திசையில் மட்டுமே செல்வது. இருபுறமும் எழுதப்பட்டுள்ளதா என்பதை அது ஆராய்வதில்லை. காப்புப் பிரதி எடுப்பதற்கு அது மிகவும் உகந்தது.

2013-இல் வெளிவந்த சிங்க்திங் என்னும் கட்டற்ற மென்பொருள் இரு திசைகளிலும் இயங்கும். மேற்கூறிய எண் வரிசை முறையையே இது கையாளுகிறது. முரண் கண்டால் ஒரு பிரதியின் பெயரில் அதற்குரிய அடையாளத்தையும் தேதியையும் சேர்த்துத் தனியே வைக்கும். குறிப்புகள் இடையில் வேறொரு நிறுவனத்தின் கணினியில் சேமிக்கப்படாமல், மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்லும். மாணவர்களின் மதிப்பெண்ணும் தொலைபேசி எண்ணும் உள்ள குறிப்புகளுக்கு இது நன்மையே. ஆனால் இரு கணினிகளும் ஒரே வேளையில் இயங்கிக்கொண்டிருத்தல் அவசியம். பள்ளிக் கணினியை மாலையில் நிறுத்திவிட்டு, இல்லத்துக் கணினியை இரவில் திறந்தால் அவை சந்திக்கவே மாட்டா. அத்தகையோருக்கு, எப்பொழுதும் இயங்கும் மூன்றாம் கணினியில் ஒரு பிரதியை வைக்கும் இணையச் சேமிப்பு முறையே பொருந்தும்.

இவ்விரண்டும் ஒரு பிரதியை முழுமையாகவே கருதும். இரு பிரதிகளின் வரிகளை ஒன்றாக இணைக்கமாட்டா. அதனைச் செய்வது 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட். இரண்டுக்கும் மூலமான பழைய பிரதியை அது நினைவில் வைத்துள்ளது. மூலத்தோடு ஒப்பிட்டு, ஒருபுறம் மட்டும் மாறிய வரியைத் தானே ஏற்கும். ஒரே வரியோ அடுத்தடுத்த வரிகளோ இருபுறமும் மாறியிருந்தால் மட்டும் நம்மைக் கேட்கும். சாதாரண உரைக் கோப்புகளுக்கே இது இயலும்.

தமிழ்ப் பெயர்களில் ஒரு சிக்கல்

தமிழில் கோப்புகளுக்குப் பெயரிடுவோர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 'தொகுப்பு' என்னும் சொல்லின் முதலெழுத்தை யூனிகோடு முறையில் இருவகையாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேமிப்பது ஒரு வகை. கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேமிப்பது மற்றொரு வகை. இரண்டும் சமமானவை என்பது யூனிகோடு விதி. கண்ணுக்கும் வேற்றுமை தெரியாது. எனினும் லினக்ஸ் கணினி அவற்றை இரு வேறு பெயர்களாகவே கொள்ளும். ஆகவே ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் தோன்றினால் வியப்படைய வேண்டாம். இரண்டையும் திறந்து பார்த்த பின்னரே ஒன்றை நீக்க வேண்டும். பெயரின் தொடக்கத்தில் 2025-06-12 என்பது போலத் தேதியை எண்களால் இடுவது நன்று. கோப்புகளும் தேதி வரிசையில் நிற்கும்.

ஒத்திசைவு வேறு, காப்பு வேறு

ஒத்திசைவு என்பது ஒருபுறம் நிகழ்ந்ததை மறுபுறமும் நிகழச் செய்வது. ஒருபுறம் அழித்தால் மறுபுறமும் அழியும். ஒருபுறம் நச்சு மென்பொருள் கெடுத்த கோப்பு மறுபுறமும் கெட்டே சேரும். ஆகவே ஒத்திசைந்த இரு பிரதிகளைக் காப்புப் பிரதி எனக் கருதுதல் தவறு. 2018 ஆகஸ்டில் கேரளத்தைத் தாக்கிய பெருவெள்ளத்தில் எண்ணற்ற இல்லங்களில் சான்றிதழ்களும் ஆவணங்களும் அழிந்ததை யாவரும் அறிவர். ஒரே அறையில் இருக்கும் இரு கணினிகளையும் ஒரே வெள்ளம் கொண்டுபோகும். மூன்றாவது பிரதி ஒன்று, வேறொரு கட்டடத்தில், கணினியுடன் இணைக்கப்படாமல் இருத்தல் வேண்டும்.

கைக்கொள்ளத்தக்க விதிகள்

1. ஓர் இடத்துக்கு ஒரு நாளுக்கு ஒரு குறிப்பு எனச் சிறு கோப்புகளாக எழுதுக. ஒரே பெருங்கோப்பில் எல்லாவற்றையும் எழுதினால் முரண் பெருகும்.

2. எழுதி முடித்ததும் கோப்பை மூடிய பின்னரே பிரதி செய்க. திறந்திருக்கும் கோப்பு அரைகுறையாகப் பிரதியாகக்கூடும்.

3. வெளியே புறப்படுமுன்னும் திரும்பியவுடனும், புதிதாக எதையும் எழுதுவதற்கு முன், இரு கணினிகளையும் இணைத்து ஒத்திசைக்க. முரண்களுள் பெரும்பாலானவை இவ்வொரு பழக்கத்தாலேயே தவிர்க்கப்படும்.

4. முரண் பிரதி தோன்றினால் அன்றைக்கே இரண்டையும் ஒப்பிட்டுத் தீர்க்க. ஒரு மாதம் கழிந்தபின் எது சரி என்பது எழுதியவருக்கே நினைவிராது.

5. மாதம் ஒரு முறை தனிக் காப்புப் பிரதி எடுத்து, அதிலிருந்து ஒரு கோப்பையேனும் திறந்து சோதிக்க. திறந்து பார்க்கப்படாத காப்புப் பிரதியை நம்புவதற்கில்லை.

6. புதிய கருவியை முதலில் தேவையற்ற சில கோப்புகளைக் கொண்டு சோதிக்க. இருபுறமும் வேண்டுமென்றே திருத்தி, அது என்ன செய்கிறது என்று பார்த்த பின்னரே மெய்யான குறிப்புகளை அதனிடம் ஒப்படைக்க.

ஆசிரியர்கள் ஆறாம் விதியை வகுப்பிலேயே செய்து காட்டலாம். இரு மாணவர்களிடம் ஒரே வாக்கியத்தை எழுதிய இரு தாள்களைத் தந்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் காணாதபடி திருத்தச் செய்து, பின்னர் மூலத்துடன் ஒப்பிடச் செய்தால் முரண் என்பதன் பொருள் கணினி இல்லாமலேயே விளங்கும்.

பிரவுனின் நிலையங்களில் எடுக்கப்பட்ட அளவுகள் 1874-இல் அச்சேறிய காரணத்தால் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. களத்தில் நாம் எழுதும் ஒரு மழை அளவும், ஒரு மாணவரின் முன்னேற்றம் பற்றிய ஒரு வரியும் அவ்வாறே பிற்காலத்தில் ஒருவருக்குத் தேவைப்படலாம். அது இரண்டு கணினிகளுக்கிடையே தொலைந்துபோகாதபடி காப்பதும் அதனை எழுதியவரின் கடமையே.