ஃப்ராய்டுக்கே மறுப்பு எழுதிய கல்கத்தா டாக்டர்!

லண்டனில் உள்ள ஃப்ராய்டு அருங்காட்சியகத்தில், தந்தத்தால் ஆன ஒரு விஷ்ணு சிலை இருக்கிறது. ஆழ்மன ஆராய்ச்சியின் முன்னோடி சிக்மண்ட் ஃப்ராய்டின் 75-வது பிறந்த நாளையொட்டி, 1931-ல் கல்கத்தாவிலிருந்து போன பரிசு அது. ஃப்ராய்டு அதைத் தன் எழுது மேசையிலேயே வைத்துக்கொண்டார். பரிசு அனுப்பிய சங்கத்தின் தலைவர், டாக்டர் கிரீந்திரசேகர் போஸ். இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. கடிதத்திலேயே நட்பு வளர்ந்தது. கடிதத்திலேயே வாதமும் நடந்தது.

மேஜிக் தெரிந்த மருத்துவர்

1887-ல் பீகாரின் தர்பங்காவில் பிறந்தவர் போஸ். நகைச்சுவை எழுத்தால் வங்காளத்தையே சிரிக்கவைத்த ராஜசேகர் போஸ் இவருடைய அண்ணன். தம்பிக்கோ இளமையிலேயே மேஜிக்கிலும் ஹிப்னாடிசத்திலும் ஆர்வம். கல்கத்தாவில் 1910-ல் மருத்துவப் பட்டம் பெற்று வைத்தியம் பார்க்கத் தொடங்கியபோது, மனநோயாளிகளுக்கு முதலில் ஹிப்னாடிசத்தைத்தான் பயன்படுத்தினார். பிறகு, ஃப்ராய்டின் முறை பற்றி ஆங்கிலத்தில் வந்த கட்டுரைகள் கண்ணில் பட்டன. நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தாமல், மனதில் தோன்றுவதையெல்லாம் தடையின்றிப் பேசவிட்டுக் கேட்பதுதான் அந்த முறை. போஸ் அந்தப் பக்கம் திரும்பினார்.

கற்றுக்கொடுக்க அப்போது இந்தியாவில் ஆள் இல்லை. படித்தும், நோயாளிகளிடம் கேட்டும், தன் மனதைத் தானே ஆராய்ந்தும்தான் அவர் கற்றார்.

டாக்டரே மாணவர்!

1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியலுக்குத் தனித் துறை தொடங்கப்பட்டது. ஏற்கெனவே மருத்துவராக இருந்த போஸ், அங்கே மாணவராகச் சேர்ந்து முதுகலை முடித்தார். பின்னர் அங்கேயே ஆசிரியரானார். 1921-ல் டாக்டர் பட்டமும் பெற்றார். நாம் வெளியே சொல்ல முடியாத ஆசைகளை மனம் எப்படி உள்ளே அமுக்கி வைக்கிறது என்பதுதான் அவருடைய ஆய்வு. அது புத்தகமாக வெளிவந்ததும் ஒரு பிரதியை வியன்னாவுக்கு அனுப்பினார். இவ்வளவு தொலைவில் தன் ஆராய்ச்சியை ஒருவர் முன்னெடுக்கிறாரா என்று வியந்து பதில் எழுதினார் ஃப்ராய்டு.

அடுத்த ஆண்டே, 1922-ல், கல்கத்தா பார்சிபகான் சந்தில் இருந்த போஸின் வீட்டில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் பிறந்தது. 1953-ல் மறையும் வரை அவரே அதன் தலைவர்.

எங்கே முரண்பட்டார்?

குருவுக்குத் தலையாட்டும் சீடராக போஸ் இருக்கவில்லை. ஒவ்வோர் ஆசைக்குள்ளும் அதற்கு நேர் எதிரான ஆசையும் ஒளிந்திருக்கிறது என்பது அவர் கொள்கை. அடிக்க வேண்டும் என்ற வேகத்துக்குப் பின்னால், அடிபட வேண்டும் என்ற விருப்பமும் இருக்கும். பூங்காவில் குழந்தைகள் ஆடும் சீசா பலகை போல, ஒன்று மேலே வரும்போது இன்னொன்று கீழே போய்விடுகிறது. கீழே போனதையும் நோயாளி உணரும்படி செய்துவிட்டால் மனம் சமநிலைக்கு வரும் என்றார். வங்காளத்து நோயாளிகளின் மனம், ஐரோப்பிய நோயாளிகளைப் பற்றி ஃப்ராய்டு எழுதியதோடு எல்லா இடத்திலும் பொருந்தவில்லை என்பதையும் அவருக்கே எழுதினார். ஃப்ராய்டு அதை முழுமையாக ஏற்கவில்லை. ஆனாலும் கடிதங்கள் நிற்கவில்லை.

ஒரே வாசல்

மனம் சரியில்லை என்றால் 'பைத்தியம்' என்று முத்திரை குத்தி, ஊருக்குத் தெரியாமல் மறைத்து வைத்த காலம் அது. முற்றிப்போனால் மனநோயாளிகளுக்கான விடுதிதான் கதி. 1933-ல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநலப் புறநோயாளிகள் பிரிவை போஸ் தொடங்கினார். இந்தியாவில் பொது மருத்துவமனை ஒன்றில் இப்படியொரு பிரிவு வந்தது அதுவே முதல் முறை. காய்ச்சலுக்கு வருபவரும் மனக்கலக்கத்துக்கு வருபவரும் ஒரே வாசல் வழியாக நுழைய முடிந்தது. 1940-ல் சங்கத்தின் சார்பில் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை உருவானது. அதற்கு இடம் கொடுத்தவர் அண்ணன் ராஜசேகர் போஸ்தான். இன்று அது அரசு மருத்துவமனையாக இயங்குகிறது.

வகுப்பறைக்கு வர முடியாதவர்களையும் போஸ் மறக்கவில்லை. கனவுகளைப் பற்றித் தாய்மொழியான வங்காளத்தில் ஒரு நூல் எழுதினார். குழந்தைகளுக்காக எறும்புகளின் கதையும் எழுதினார்.

"மனசு சரியில்லைன்னு டாக்டர்கிட்ட போனா நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்று உங்கள் வீட்டில் யாராவது தயங்கினால், போஸின் கதையைச் சொல்லுங்கள். கூச்சமில்லாமல் உள்ளே போகத்தான் 1933-லேயே அந்தக் கதவைத் திறந்து வைத்தார் அவர்.