சிக்கிய மின்முனைகளைச் சேதமின்றிக் கழற்றுதல்

மின்னணு விளையாட்டு யந்திரங்களில் மிகுதியாக உழைக்கும் உறுப்பு திரையன்று. ஆடுவோர் இடைவிடாது அழுத்தும் பொத்தானேயாகும். பொத்தானின் அடியில் ஒரு சிறிய ஸ்விச்சு அமைந்துள்ளது. அது தேய்ந்துவிட்டால் புதியதை இடுவது எளிய வேலைதான். ஆயினும், அதனைப் பற்றியுள்ள கம்பிமுனை பல வேளைகளில் கழல மறுக்கின்றது. அப்பொழுது கம்பியைப் பிடித்து வலிந்து இழுப்பவர் கம்பியை அறுக்கக்கூடும், ஸ்விச்சை உடைக்கக்கூடும், திடீரென விடுபட்ட தம் கையைத் தகட்டின் கூர்விளிம்பில் கிழித்துக்கொள்ளவும் கூடும். இம்முனை எவ்வாறு பற்றுகின்றது என்பதை அறிந்தவர்க்கு இவை யாவும் தவிர்க்கத் தக்கவையே.

இதே வகை முனைகள் மிக்ஸி, சலவை யந்திரம், ஆட்டோ ரிக்ஷா ஆகியவற்றிலும் பயன்படுகின்றன. ஆதலின் மும்பையில் தாராவி, மாதுங்கா, செம்பூர் முதலிய பகுதிகளில் பழுது நீக்கும் தொழிலில் ஈடுபட்டுள்ளோர் அனைவர்க்கும் இச்செய்தி பயன் தருவதாகும். பட்டறைகளில் இதனை 'லக்' என்றும் 'திம்பிள்' என்றும் வழங்குவர். இக்கட்டுரையில் லக் என்றே குறிப்போம்.

முதலில் ஸ்விச்சின் அமைப்பைக் காண்போம். பொத்தானின் அடியிலுள்ளது நுண்விசை எனப்படும் வகையாகும். இதனை அமெரிக்காவில் பீட்டர் மெக்கால் என்பவர் 1932ஆம் ஆண்டில் உருவாக்கினார். இதனுள் வளைந்த மெல்லிய வில் ஒன்று உள்ளது. பொத்தான் சிறிது தாழ்ந்ததும் அவ்வில் ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குச் சட்டெனத் தாவி, மின்சுற்றை இணைக்கின்றது. அது தாவும் தொலைவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஸ்விச்சின் வெளியே மூன்று உலோக நாக்குகள் நீண்டிருக்கும். ஒன்று பொதுமுனை; மற்றொன்று அழுத்தும்போது இணைவது; மூன்றாவது அழுத்தும்போது பிரிவது. இந்நாக்குகள் பிளாஸ்டிக் உடலில் பதிக்கப்பட்டவை. பக்கவாட்டில் வளைத்தால் அவை உள்ளேயும் அசையும்; வில்லின் நிலை மாறும். வெளியே பழுதின்றித் தோன்றும் ஸ்விச்சு அதன் பின் சரிவர இயங்காது.

லக்கின் பற்று இருவகைப்பட்டது. அதன் பின்புறக் குழாயில் செப்புக் கம்பியை நுழைத்துக் கருவியால் நெருக்குவர். ஈயப்பற்று இன்றியே குழாயும் கம்பியிழைகளும் காற்றும் புகாவண்ணம் ஒன்றோடொன்று இறுகிவிடுகின்றன. 1941ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விட்டேக்கர் என்பவர் நிறுவிய கம்பெனி, விமானங்களிலும் கப்பல்களிலும் பயன்படுத்துவதற்கென இத்தகைய இணைப்புக்களைத் தயாரித்து, இம்முறை பரவக் காரணமாயிற்று. லக்கின் முன்புறமோ வெள்ளீயம் பூசிய பித்தளைத் தகடாகும். அதன் இரு விளிம்புகளும் உட்புறமாகச் சுருண்டு, ஸ்விச்சின் நாக்கைத் தளத்தின்மீது அழுத்திப் பிடிக்கின்றன. தளத்தின் நடுவே ஒரு சிறு புடைப்பு உண்டு. அது நாக்கிலுள்ள துளையில் விழுந்து பூட்டுப்போல் அமைகின்றது. நாக்குகளின் அகலம் பெரும்பாலும் 4.75 அல்லது 6.3 மில்லிமீட்டராக இருக்கும்.

எனவே லக் சிக்குவதற்கான காரணங்கள் விளங்குகின்றன. புதிய லக்கில் புடைப்பு துளையில் ஆழ்ந்து நிற்கும். கோணலாக இழுத்தால் சுருள் விளிம்பு நாக்கைக் கவ்விக்கொள்ளும். பழைய லக்கிலோ துருவும் சேர்ந்துகொள்கின்றது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கின்றது. கடற்காற்று உப்பைக் கொணர்கின்றது. வெள்ளீயப் பூச்சு தேய்ந்த இடத்தில் ஈரமும் உப்பும் பித்தளையைத் தாக்கிப் பசுமை நிறக் களிம்பை உண்டாக்குகின்றன. அக்களிம்பு நாக்கையும் லக்கையும் ஒட்டவைத்துவிடுகின்றது.

கழற்றுமுன் மின்சாரத்தை நிறுத்துதல் இன்றியமையாதது. ஸ்விச்சை அணைத்தால் போதாது. பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். பொத்தான் கம்பிகளில் பெரும்பாலும் 5 வோல்ட்டே செல்லுமாயினும், அதே பெட்டிக்குள் 230 வோல்ட் மின்சாரமும் நுழைகின்றது. மின்வழங்கியின் மின்தேக்கிகளில் ஏறத்தாழ 325 வோல்ட் வரை தேங்கி, பிளக்கைப் பிடுங்கிய பின்பும் சிறிது நேரம் நிற்கக்கூடும். பழைய படக்குழாய் உள்ள யந்திரங்களில் குழாயின் மின்னழுத்தம் 20,000 வோல்ட் அளவினதாதலால், பயிற்சி பெறாதவர் அப்பகுதியை அணுகலாகாது.

அடுத்து, எக்கம்பி எந்நாக்கில் உள்ளது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கம்பிகள் இடம் மாறினால் பொத்தான் எப்பொழுதும் அழுத்தப்பட்டதுபோல் நடந்துகொள்ளும். பின்னர் இயலுமாயின் ஸ்விச்சைப் பொத்தானிலிருந்து தனியே பிரித்து, அதன் உடலை ஒரு கையால் உறுதியாகப் பற்றிக்கொள்ள வேண்டும். லக்கின்மேல் பிளாஸ்டிக் உறை இருந்தால் அதனைப் பின்னுக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். சில லக்குகளில் உறையின் அடியில் ஒரு சிறு பூட்டு நாக்கு மறைந்திருக்கும். அதனை அழுத்தாமல் எவ்வளவு இழுத்தாலும் லக் வராது.

இனி, மூக்குக் குறட்டால் லக்கைப் பிடிக்கும் இடமே முக்கியமானது. சுருள் விளிம்புகளின்மீது நெருக்கிப் பிடித்தால் பற்று மேலும் இறுகும். கம்பியைப் பிடித்தால் கம்பி அறும். இரண்டிற்கும் இடையேயுள்ள கழுத்தைப் பிடித்து, நாக்கின் நேர்கோட்டிலேயே இழுக்க வேண்டும். மேலும் கீழும் வளைத்தல் கூடாது; நாக்கின் அகலத் திசையில் மயிரிழையளவு அசைக்கலாம். அப்பொழுதும் வாராவிடின், மெல்லிய தட்டைத் திருப்புளியின் முனையை நாக்கிற்கும் லக்கின் தளத்திற்கும் இடையே மெதுவாகச் செலுத்தினால், புடைப்பு துளையிலிருந்து எழும்பும். உடனே லக் நழுவிவரும். களிம்பு பிடித்தவற்றிற்கு மின்தொடர்புகளுக்குரிய துப்புரவுத் திரவத்தை ஒரு துளி இட்டுச் சிறிது நேரம் பொறுத்திருக்கலாம். எண்ணெய் ஸ்விச்சின் உள்ளே இறங்கி மின்தொடர்பைக் கெடுக்கும்; சில பிளாஸ்டிக்குகளையும் விரிசலுறச் செய்யும். ஆதலின் அதனை ஊற்றலாகாது.

இவ்வளவும் பயனற்றுப்போனால், இழக்கத் தக்கது லக்கே அன்றி ஸ்விச்சன்று. சுருள் விளிம்புகளைக் கூரிய குறட்டால் ஒவ்வொன்றாக விரித்தோ, லக்கை ஒட்டிக் கம்பியை வெட்டியோ அதனை நீக்கிவிடலாம். பிறகு அதே அகலமுள்ள புதிய லக்கை, உரிய நெருக்குகருவி கொண்டு பொருத்த வேண்டும். சுத்தியலால் தட்டியோ சாதாரணக் குறட்டால் நசுக்கியோ செய்த இணைப்பு நாளடைவில் தளரும். தளர்ந்த இணைப்பின் தீமை சிறிதன்று. இணைப்பில் 0.1 ஓம் தடை தோன்றினால், 10 ஆம்பியர் செல்லும் சாதனத்தில் அவ்விடத்தே மட்டும் 10 வாட் வெப்பம் பிறக்கும். அவ்வெப்பம் வில்தன்மையைக் கெடுக்கும். தடை மேலும் உயரும். இறுதியில் பிளாஸ்டிக் உருகித் தீப்பற்றவும் கூடும். விளையாட்டுப் பொத்தானில் இவ்வாபத்து இல்லை. சலவை யந்திரத்தில் உண்டு.

இச்சிறு வேலையின் பயன் ஒரு ஸ்விச்சோடு முடிவதன்று. பழுது நீக்க இயலாமற்போன சாதனங்களும் அறுந்த கம்பிகளும் தாராவி போன்ற இடங்களிலுள்ள பழம்பொருட் பட்டறைகளைச் சென்றடைகின்றன. செம்பைப் பெறுவதற்காகக் கம்பியுறையை எரிக்கும் இடங்களில், பி.வி.சி. பிளாஸ்டிக்கிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு முதலிய நச்சு வாயுக்கள் எழுந்து, வேலை செய்வோரின் நுரையீரலை முதலில் தாக்குகின்றன. மின்னணுக் கழிவுகள் குறித்து நம் நாட்டில் 2011ஆம் ஆண்டில் தனி விதிகள் வெளியிடப்பட்டன. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள புதிய விதிகள், மறுசுழற்சி செய்வோரைப் போன்றே பழையதைச் செப்பனிட்டுப் பயனுக்குக் கொணர்வோரையும் தனிப்பிரிவாகப் பதிவு செய்ய வகை செய்கின்றன.

செப்பனிடும் தொழிலில் புதிதாகச் சேரும் இளைஞர்க்கு முதலில் கற்பிக்க வேண்டியது இழுக்கும் வலிமையன்று. பற்றியிருக்கும் முறையைப் பார்த்தறியும் பழக்கமேயாகும். அப்பழக்கம் அவருடைய விரல்களையும் காக்கும். யந்திரத்தையும் குப்பைக்குச் செல்லாமல் காக்கும்.