தறி வீட்டில் தவழும் குழந்தை

குழந்தை வளர்ப்பைப் பற்றிய மேனாட்டு நூல்களைப் புரட்டினால், குழந்தைக்கென ஒரு தனியறையை ஒழுங்கு செய்யுமாறு கூறக் காண்கிறோம். நம் அங்கத்தினர்களுள் எத்தனை பேருடைய வீட்டில் அதற்கு இடமுண்டு? சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர் ஆகிய ஊர்களின் தறி வீடுகள் பலவற்றில் உண்பதும் உறங்குவதும் நூல் சுற்றுவதும் ஒரே கூடத்தில்தான். தென்காசியைச் சுற்றியுள்ள விவசாயிகளின் வீட்டிலோ விதை மூட்டையும் பூச்சி மருந்தும் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே, நம் குழந்தைகளுக்கு நேரக்கூடிய அபாயங்களிற் பல நம் தொழிலோடு ஒட்டியவையாகவே இருக்கின்றன.

முதலில் தறிக்குழி. ஏழெட்டு மாதத்தில் தவழத் தொடங்கும் குழந்தைக்கு, நெசவாளர் எழுந்து சென்ற குழித்தறியின் பள்ளம் கிணற்றுக்கு ஒப்பானது. குழியின் அளவுக்கு இரண்டு பலகைகளை அறுத்து வைத்துக்கொண்டு, தறியை விட்டு எழும்போதெல்லாம் மூடிவிட வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் அப்படியே. தார் சுற்றும் இராட்டினமும் விசைத்தறியின் பெல்ட்டும் பிஞ்சு விரல்களை ஒரு கணத்தில் நசுக்கிவிடும். நடுவே ஒரு மூங்கில் தட்டியை நிறுத்திவிட்டால் கூடத்தின் ஒரு பகுதி குழந்தைக்கென ஒதுங்கிவிடும்.

சாயம் தோய்க்கும் வீடுகளில் காஸ்டிக் சோடா இருக்கும். அதன் வெண்மையைக் கண்டு சர்க்கரை என்றெண்ணிக் குழந்தை வாயிலிட்டால், உணவுக்குழல் வெந்து, பின்னர் சுருங்கி, சோறு இறங்காமற் போகலாம். மண்ணெண்ணெயையும் பூச்சி மருந்தையும் குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைப்பதைப் போன்ற விபரீதம் வேறில்லை. அவற்றைப் பூட்டுள்ள பெட்டியில், உயரத்தில் வைக்க வேண்டும். தவறிக் குடித்துவிட்டால் உப்பு நீர் புகட்டி வாந்தி எடுக்கச் செய்வது நம் ஊர் வழக்கம். அது கூடவே கூடாது. காஸ்டிக் சோடா மேலேறும்போது மறுபடியும் சுடும். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் சென்றுவிடும். உடனே 108-ஐ அழைத்து, புட்டியையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இனிச் சேலைத் தொட்டில். நாமே நெய்த சேலையில் நம் குழந்தை உறங்குவதைக் காட்டிலும் நெசவாளருக்குப் பெருமை ஏது? தொட்டிலை விலக்குமாறு நாம் சொல்லவில்லை. ஆனால் உத்தரத்துக் கொக்கியை மாதந்தோறும் இழுத்துப் பார்க்க வேண்டும். துணி மூடிக்கொள்ளாமல் விரிந்திருக்கத் தொட்டிற் கம்பு கட்டாயம் வேண்டும். பச்சிளங் குழந்தையின் மோவாய் மார்பில் கவிழ்ந்து மூச்சடைக்காதவாறு அடிக்கடி கவனிக்க வேண்டும். உண்மையில், சமமான பாயில் மல்லாந்து படுக்கவைப்பதே மேலானது. அமெரிக்காவில் 1994இல் இதனை வற்புறுத்தி ஓர் இயக்கம் தொடங்கிய பின்னர், உறக்கத்தில் திடீரென இறக்கும் குழந்தைகளின் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

தொட்டிலால் பெரிய குழந்தைகளுக்கே பெருந்தீங்கு. அண்ணனும் அக்காளும் அதை ஊஞ்சலாக்கிச் சுற்றுகையில், முறுக்கிய துணி கழுத்தை இறுக்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் இவ்விதம் மாண்ட சிறுவர் சிறுமியர் பலர். குழந்தையை எடுத்தவுடனே சேலையைச் சுருட்டி, எட்டாத உயரத்தில் முடிந்துவிடுவதற்கு அரை நிமிஷம் போதும்.

குற்றாலச் சாரல் வீசும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையுள்ள மாதங்களில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். குளிருக்கும், உலராத துணிகளுக்குமாகக் கதவையும் சன்னலையும் அடைத்துக் கணப்பு வைப்பவர்கள் உண்டு. அடைத்த அறையில் கரி எரிந்தால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து, உறங்குவோரை எழவிடாமற் செய்துவிடும். சாம்பிராணிப் புகையும் அளவோடு இருக்கட்டும். வாளியில் ஒரு சாண் தண்ணீர் நின்றாலும் தலைகுப்புற விழுந்த குழந்தையால் மீள முடியாது. ஆதலால் துவைத்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வைப்பது நலம்.

தாயும் தறியில் உட்கார்ந்தால் குழந்தையை யார் பார்ப்பது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்கள் பலர் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைக் காப்பறை வேண்டுமென விதித்தது; வீட்டுத் தறிக்கு அது எட்டவில்லை. மத்திய அரசின் 'பால்னா' திட்டம் 2022 முதல் அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்களில் 6 மாதக் குழந்தைகளையும் ஏற்க வழி செய்திருக்கிறது. தெருவில் பத்துத் தாய்மார் சேர்ந்து சங்கத்தின் மூலம் எழுதிக் கேட்கலாம். குழி மூடும் பலகைகளையும் சங்கமே மொத்தமாக அறுத்துக் கொடுத்தால் செலவு குறையும். அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை எழுப்புவார்களாக.