பதறாத ஆட்டம் சிதறாது



மாலை மணி ஏழு. வேலை முடிந்து வந்த அப்பா, "அரைமணி நேரம்தான் அம்மா" என்று சொல்லிக் கைப்பேசியை நம்மிடம் தருகிறார். நம் குமாரலிங்கபுரத்தில் பல வீடுகளில் குடும்பம் முழுமைக்கும் அந்த ஒன்றுதான். கிடைத்த அரைமணியில் இணையவழிச் சதுரங்கத்தில் மூன்று நிமிட ஆட்டங்கள் ஐந்து ஆடுகிறோம். நான்கில் தோற்று முகம் வாடி எழுகிறோம். மறுநாளும் இதே கதை. ஆட்டம் பெருகியும் திறமை பெருகாதது ஏன்? இதனைச் சற்று ஆராய்வோம்.

ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடமோ அதற்குக் குறைவாகவோ நேரம் தரும் ஆட்டத்தை மின்னல் ஆட்டம் என்பர். பத்துக்கு மேல் அறுபது நிமிடத்துக்குள் அமைவது விரைவு ஆட்டம். மூன்று நிமிடத்தில் நாற்பது நகர்த்தல் செய்ய வேண்டுமானால், ஒரு நகர்த்தலுக்குக் கிடைப்பது நாலரை விநாடியே! அதற்குள் புதிதாக எதையும் சிந்திக்க இயலாது. முன்பே அறிந்தது மட்டுமே கைகொடுக்கும். ஆகவே வேகம் என்பது விரலில் இல்லை. பழகிய கண்ணில் இருக்கிறது.

இதற்கு நம் தமிழகத்து விசுவநாதன் ஆனந்த் நல்ல சான்று. ஆறு வயதில் தாயாரிடம் ஆட்டம் கற்ற அவர், சிறுவயதில் குடும்பத்துடன் மணிலா நகரில் சில காலம் வாழ்ந்தார். அங்கே பகல் நேரத் தொலைக்காட்சியில் சதுரங்கப் புதிர்கள் வரும். மகன் பள்ளியில் இருக்கும்போது தாயார் அவற்றைக் குறித்து வைப்பார்; மாலையில் இருவரும் அமர்ந்து விடை காண்பர். விடை அனுப்பிப் பரிசாகப் புத்தகங்களும் பெற்றனர். சென்னையில் மிகயீல் தால் பெயரால் அமைந்த கழகத்திலோ மின்னல் ஆட்டம் நடக்கும். வென்றவர் அமர்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து இடம்விட வேண்டும். அந்த வேகத்துக்கு அடியில் பொறுமையாய் விடுவித்த புதிர்கள் இருந்தன அன்றோ! 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆன அவர், 2017-இல் தமது 48-ஆம் வயதில் ரியாத் நகரில் உலக விரைவு ஆட்டப் பட்டத்தை வென்றார்.

பெண்களும் பின்தங்கவில்லை. சென்னையைச் சேர்ந்த வைஷாலி, 2024 டிசம்பரில் நியூயார்க்கில் நடந்த உலக மகளிர் மின்னல் ஆட்டப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

இனி, நாம் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, புதிர். குதிரை ஒரே தாவலில் ராஜாவையும் ராணியையும் தாக்குவது போன்ற அமைப்புகளை நாளும் ஐந்தாறு பார்க்க வேண்டும். இதற்குக் கைப்பேசி தேவையில்லை. அட்டையில் கட்டம் வரைந்து, நூலகப் புத்தகத்திலுள்ள புதிர்களை மதிய இடைவேளையில் தோழியுடன் விடுவிக்கலாம்.

இரண்டாவது, தொடக்கம். வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று எனத் தேர்ந்து அதையே ஆடிவந்தால், முதல் பத்து நகர்த்தல்களில் நேரம் வீணாகாது. அதுபோலவே ராஜாவும் யானையும் கொண்டு செக் மேட் செய்யும் முறையைத் தூக்கத்தில் எழுப்பினாலும் ஆடும்படி பழக வேண்டும்.

மூன்றாவது, கேள்வி. எதிரி நகர்த்தியவுடன், "இதனால் அவர் எதைத் தாக்குகிறார்? என் காய்களில் காவலற்றது எது?" என்று கேட்டுக்கொள்ளுதல். ஆடுபுலி ஆட்டத்தில் ஆட்டை வைக்குமுன் புலி தாவும் வழியைப் பார்ப்போமே, அதே பழக்கந்தான்.

நான்காவது, தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பார்த்தல். கணினி பிழையைக் காட்டுமுன் நாமே அதைத் தேட வேண்டும். அடுத்தடுத்து இரண்டு தோற்றால் அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்திவிடுவதே நலம். கோபத்தில் ஆடும் மூன்றாவதும் தோல்வியே.

இணையத்தில் சிக்னல் போனாலும் கடிகாரம் நிற்காது. 2020-இல் நடந்த இணையவழி ஒலிம்பியாட் இறுதியாட்டத்திலேயே இணைப்பு அறுந்து, நம் வீரர் இருவர் நேரம் தீர்ந்து தோற்றனர். பின்னர் இந்தியாவும் ரஷ்யாவும் கூட்டு வெற்றியாளராக அறிவிக்கப்பட்டன. நமக்கு அவ்வாறு நேர்ந்தால் மனம் உடையலாகாது. கணினியின் துணையை மறைவில் நாடுவதோ, முகமறியாதவருக்கு ஊரும் பெயரும் சொல்வதோ ஒருபோதும் கூடாது.

அவிலாவின் புனித தெரேசம்மாள் தம் கன்னியருக்கு எழுதிய நூலில் சதுரங்கத்தை உவமையாக்கி, ராஜாவைப் பணியவைக்கும் ராணி தாழ்ச்சியே என்ற கருத்தைத் தந்தார். "நான் இங்கே தவறினேன்" என்று ஒத்துக்கொள்ளும் தாழ்ச்சியே கட்டத்தின் முன்னும் நம்மை வளர்க்கும்.

எனவே, தோழியரே, பகலில் அட்டையில் புதிர். மாலையில் ஐந்து ஆட்டங்களுக்குப் பதில் பத்து நிமிட ஆட்டம் ஒன்றே ஒன்று. அது முடிய இருபது நிமிடம் ஆகலாம். மீதிப் பத்து நிமிடம் பிழை தேட. அரைமணி முடிந்ததும் கேளாமலே கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அப்போது நாளைய அரைமணிக்கு அப்பாவிடம் கெஞ்ச வேண்டியிராது.