ஸ்காட்லாந்து மெட்டு... ஜப்பான் பாட்டு... நம்ம மோகனம்!

மயிலாப்பூரில் பாட்டு கிளாஸ் போகும் குழந்தைகளுக்கு 'வரவீணா' கீதம் தெரியாமல் இருக்காது. ராகம், மோகனம். ஏழு ஸ்வரங்களில் 'ம'வும் 'நி'யும் இதில் கிடையாது. மிச்சம் ஐந்துதான்.

அந்த ஐந்தை வைத்தே, கீழ் பஞ்சமத்தில் ஆரம்பித்து இதைப் பாடிப் பாருங்கள்: ப, ஸ ஸ ஸ க, ரி ஸ ரி க, ஸ ஸ க ப த. எங்கோ கேட்டது போல இருக்கிறதா? புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில் பல நாடுகளில் பாடப்படும் 'ஆல்டு லாங் சைன்' அது!

ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1788-ல் எழுதியது. ஒரு முதியவர் பாடக் கேட்டுக் குறித்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இன்றைய மெட்டோடு பாடல் அச்சானது 1799-ல். அதைப் பார்க்க பர்ன்ஸ் உயிரோடு இல்லை.

ஜப்பான் தன் பள்ளிகளில் மேற்கத்திய இசையைப் புகுத்தியபோது, இசவா ஷூஜியும் அமெரிக்க ஆசிரியர் லூதர் வைட்டிங் மேசனும் பாட்டுப் புத்தகம் தயாரித்தார்கள். 1881-ல் இந்த மெட்டு அதில் 'ஹோதாரு நோ ஹிகாரி' ஆனது. மின்மினி வெளிச்சம் என்று பொருள். பர்ன்ஸ் பாடியது பழைய நண்பர்களோடு மது அருந்துவதை. ஜப்பானியப் பாட்டிலோ மின்மினி வெளிச்சத்தில் படித்த மாணவர்கள் பிரிகிறார்கள். பட்டமளிப்பு நாளில் பாடிப் பாடி, அது அவர்கள் பாட்டாகவே ஆகிவிட்டது.

மெட்டு அங்கே அந்நியமாக ஒலிக்காததற்குக் காரணம் உண்டு. 'யோனா நுகி' என்று ஜப்பானியர் சொல்லும் வரிசையில் நான்காவது, ஏழாவது ஸ்வரங்கள் இருக்காது. நம் கணக்கில் அதே 'ம', 'நி'!

தி.நகரில் கடை மூடும் நேரமானால் ஷட்டரைப் பாதி இறக்குவார்கள். ஜப்பானியக் கடைகளில் இந்த மெட்டின் வால்ட்ஸ் வடிவத்தை ஒலிக்கவிடுவார்கள். 'கிளம்புங்க' என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியுமா?

சென்னையிலும் இது வழியனுப்பும் மெட்டுதான். பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில், பயிற்சி முடித்த இளம் அதிகாரிகள் கடைசி அடி வைத்து வெளியேறும்போது பல ஆண்டுகளாக ஒலித்தது இதுவே.

இரவல் மெட்டு நமக்கு எதற்கு என்ற கேள்வியும் இருக்கிறது. 2022-ல் டெல்லியில் பாசறை திரும்பும் நிகழ்ச்சியிலிருந்து 'அபைட் வித் மீ' நீக்கப்பட்டது. ஆனால், இரவலுக்கு நம் ஊரில் பெரிய முன்னோடி ஒருவர் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர்! கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசித்ததை அவர் கேட்டிருக்கிறார் என்பார்கள். ஐரோப்பிய மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார், அவைதான் நொட்டுஸ்வரங்கள். அதில் 'சந்ததம் பாஹிமாம்' கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் மெட்டில் சியாமளா தேவியைப் பாடியிருக்கிறார்.