ஆற்றங்கரையில் பருவகாலக் காவலர்

திருவனந்தபுரம் மாவட்டத்தை நெய்யாறு, கரமனையாறு, வாமனபுரம் ஆறு என்னும் மூன்று ஆறுகள் வளப்படுத்துகின்றன. மூன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் பிறந்து, மேற்கு நோக்கிப் பாய்ந்து, அரபிக்கடலில் கலக்கின்றன. இவற்றுள் நீளமான வாமனபுரம் ஆறும் ஏறத்தாழ 88 கிலோமீட்டரே ஓடுகிறது. மலைக்கும் கடலுக்கும் இடையிலுள்ள இக்குறுகிய தொலைவுக்குள் அணைகளும் அருவிகளும் குளிதுறைகளும் நிறைந்துள்ளன. நெய்யாறு அணை, கல்லாறு, மீன்முட்டி, மங்கயம் முதலிய இடங்களுக்கு விடுமுறை நாட்களில் மக்கள் திரண்டு வருகின்றனர். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்து வருவோரும் அவர்களுள் உண்டு.

இவ்வாறு வருவோரின் உயிரைக் காக்கவும், ஆறும் காடும் கெடாமல் பார்த்துக்கொள்ளவும் ஒருவர் கரையில் நிற்க வேண்டியுள்ளது. அப்பணியின் தன்மை யாது? அதற்குரிய ஊதியம் எங்கிருந்து வருகிறது? அந்த ஏற்பாட்டிலுள்ள குறை யாது? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காவலர் என்பவர் யார்?

நம் நாட்டில் ரேஞ்சர் என்றால் வனச்சரக அலுவலரையே குறிக்கும். அவர் நிரந்தர அரசு ஊழியர். அமெரிக்காவில் அச்சொல்லின் பொருள் சற்று விரிந்தது. அங்கு 1916ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட தேசியப் பூங்காப் பணித்துறை, பயணிகள் மிகுந்து வரும் மாதங்களுக்கென்று தற்காலிகக் காவலர்களை அமர்த்துகிறது. எழில்மிகு ஆறுகளைக் காப்பதற்காக 1968ஆம் ஆண்டில் அந்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. படகுத்துறைகளிலும் முகாம்களிலும் பயணிகளுக்கு வழிகாட்டுதல், நீர் நிலையைக் கவனித்தல், விதிகளை எடுத்துரைத்தல், ஆபத்தில் சிக்கியோரை மீட்டல் ஆகியவை பருவகாலக் காவலர்களின் கடமைகள்.

நம்மிடத்தில் இப்பெயரில் ஒரு பதவி இல்லை. ஆயினும் பணி இருக்கிறது. கேரளத்தின் வனப்பகுதி ஆற்றுத்துறைகளில் அதனைப் பெரும்பாலும் வன சம்ரக்ஷண சமிதி என்னும் ஊர்க் குழுக்களின் உறுப்பினர்கள் செய்கின்றனர். சரணாலயங்களுக்குள் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் இதே கடமையை ஏற்கின்றன. தமிழ்நாட்டில் பில்லூர் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டிய பரளிக்காட்டில் பழங்குடி மக்கள் பரிசல் ஓட்டிப் பயணிகளை அழைத்துச் செல்வதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

அமைப்பு உருவான விதம்

வனங்களின் பாதுகாப்பில் அவற்றை அடுத்து வாழும் மக்களைப் பங்காளிகளாக்க வேண்டும் என்று மத்திய அரசு 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் மாநிலங்களுக்கு வழிகாட்டியது. கேரளம் 1998ஆம் ஆண்டு முதல் பங்கேற்பு வன மேலாண்மையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. காட்டை வெட்டி வாழ்ந்தவனுக்குக் காட்டைக் காப்பதிலேயே வருவாய் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது இதன் அடிப்படைக் கருத்து. சூழல் சுற்றுலா அவ்வருவாய்க்குரிய வழிகளுள் ஒன்றாயிற்று.

ஊரார் அறிவுக்குப் பொருளாதார மதிப்பு உண்டு என்பதற்குத் திருவனந்தபுரம் மாவட்டம் முன்னரே சான்று கூறியுள்ளது. அகத்தியமலைக் காடுகளில் வாழும் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகையிலிருந்து ஒரு மருந்து உருவாக்கப்பட்டது. 1995ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி உரிமைக்காகக் கிடைத்த 10 லட்சம் ரூபாயில் பாதி அம்மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. மூலிகை அறிவுக்கு விலை உண்டெனில், ஆற்றைப் பற்றிய அறிவுக்கும் விலை உண்டு. எந்தப் பாறை வழுக்கும், எந்த மடுவில் சுழல் உள்ளது, எத்திசை இருண்டால் எத்துணை நேரத்தில் நீர் வரும் என்பவற்றை அங்கே பிறந்து வளர்ந்தவர் அறிவார். அவ்வறிவைக் கூலிக்குரிய தொழிலாக மாற்றியதே இவ்வமைப்பின் சிறப்பு.

நாள்தோறும் செய்யும் பணி

காவலரின் பணி நுழைவுச் சீட்டுக் கொடுப்பதிலிருந்து தொடங்குகிறது. சீட்டு வருவாய்க்கு மட்டும் உரியதன்று. ஆற்றோரத்தில் எத்தனை பேர் உள்ளனர் என்பதற்கு அதுவே கணக்கு. மாலையில் திரும்பியோரின் எண்ணிக்கை அதனோடு ஒத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் பொருள்களையும் மதுப்புட்டிகளையும் தடுப்பது அடுத்த கடமை. உடைந்த புட்டியின் சில்லு மணலில் புதைந்தால், பின்னர் வெறுங்காலோடு இறங்கும் குழந்தைக்குத் தீங்கு நேரும்.

குளிக்கத்தக்க இடத்தை வரையறுத்து, கயிறு கட்டி, அதற்கு அப்பால் செல்வோரைத் தடுப்பதுதான் பணியின் கடினமான பகுதி. வட்டக்கயம் என்னும் பெயரில் உள்ள கயம் என்ற சொல் தமிழிலும் ஆழ்ந்த நீர்நிலையையே குறிக்கும். மேலே அமைதியாகத் தோன்றும் நீர் அடியில் ஆழமாகவும் இழுப்புடையதாகவும் இருக்கும். நீந்தத் தெரிந்தோரும் இவ்வாறான இடங்களில் மூழ்குவதுண்டு. குளத்தில் கற்ற நீச்சல் ஆற்றில் எப்போதும் உதவுவதில்லை. கல்லாற்றின் வட்டக்கயத்தில் 2022ஆம் ஆண்டு அக்டோபரில் மூவர் மூழ்கி இறந்தனர்.

மலைவெள்ளத்தின் இயல்பு

காவலர் உண்மையில் கண்காணிப்பது நீரை மட்டுமன்று, மலையையும் தான். பொன்முடிச் சரிவுகளில் பெய்யும் மழை செங்குத்தான ஓடைகள் வழியே கல்லாற்றுக்கு விரைந்து இறங்குகிறது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே கனமழை பெய்யலாம். அப்போது சில நிமிடங்களுக்குள் நீர்மட்டம் உயர்ந்துவிடும். தெளிந்த நீர் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், நீரோசை மாறுதல் ஆகியவை முன்னறிகுறிகள். இவற்றைக் கண்ட உடனே அனைவரையும் கரையேற்ற வேண்டும். கண்டபின் ஆராய நேரமில்லை.

இந்திய வானிலை ஆய்வுத் துறை மாவட்டந்தோறும் நிற எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை மழை எதிர்பார்க்கப்பட்டால் ஆரஞ்சு எச்சரிக்கையும், அதற்கு மேற்பட்டால் சிவப்பு எச்சரிக்கையும் தரப்படுகின்றன. அவ்வேளைகளில் மலைப்பகுதிச் சுற்றுலா இடங்களை மூடுவது வழக்கம். ஆனால் ஒரே ஒரு சிகரத்தின் மீது ஒரு மணி நேரம் பெய்யும் மழையை மாவட்ட அளவிலான எச்சரிக்கை முன்கூட்டிச் சுட்டிக்காட்டுவது அரிது. அந்த இடைவெளியை நிரப்புபவர் கரையில் நிற்கும் காவலரே.

2022ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஓணத்திற்குச் சில நாட்கள் முன்பு, பாலோடு அருகே மங்கயத்தில் குளித்துக்கொண்டிருந்தோர் திடீர் வெள்ளத்தில் சிக்கினர். ஒரு சிறுமியும் ஒரு பெண்ணும் உயிரிழந்தனர். 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பழைய குற்றால அருவியில் பெருகிய வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. குற்றாலத்தில் அப்போது சாரல் பருவம் தொடங்கவில்லை என்பது கருதத்தக்கது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. காவலரின் பருவம் பயணிகளின் விடுமுறையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. ஆற்றின் பருவமோ மழையைக் கொண்டு அமைகிறது. இரண்டும் ஒன்றல்ல. ஓண விடுமுறை தென்மேற்குப் பருவமழைக் காலத்திற்குள் வருகிறது. பள்ளிகளின் கோடை விடுமுறையில் இடியுடன் கூடிய மாலை மழை பெய்கிறது. கூட்டமும் வெள்ளமும் ஒரே நாளில் வரக்கூடும் என்பதையே இது காட்டுகிறது.

மூடிய நாளின் கூலி

இங்குப் பொருளாதாரம் சார்ந்த ஒரு சிக்கல் எழுகிறது. நுழைவுக் கட்டண வருவாயிலிருந்தே காவலரின் கூலி வழங்கப்படுமாயின், துறை மூடப்படும் நாளில் வருவாயும் இல்லை, கூலியும் இல்லை. கலங்கல் நீரைக் கண்டு, மூட வேண்டும் என்று முதலில் சொல்லக் கடமைப்பட்டவர் அக்காவலர். அவ்வாறு சொன்னால் தம் அடுப்பில் அன்று உலை ஏறாது என்பதையும் அவர் அறிவார். உயிர் காக்கும் முடிவை எடுப்பவர் மீதே அம்முடிவின் இழப்பு முழுவதையும் சுமத்தும் ஏற்பாடு நல்ல ஏற்பாடாகாது. அவர் நேர்மையில் ஐயமில்லை. நேர்மைக்கு அபராதம் விதிக்கும் முறையே குறையுடையது.

இரண்டாவது குறையும் இதனோடு தொடர்புடையது. கட்டணம் பெறும் இடத்தில்தான் காவல் நிற்கும். கட்டணமில்லாத வளைவுகளிலும் மடுக்களிலும் எவரும் நிற்பதில்லை. பாதுகாப்பு என்பது பொதுநலப் பண்டம். சீட்டு வாங்கியவருக்கு மட்டும் அதனை விற்க இயலாது. கோவளம் கடற்கரையில் சுற்றுலாத் துறையின் உயிர்காப்பாளர்கள் நெடுங்காலமாகப் பணியாற்றுகின்றனர். கடலில் இறங்குவோரிடம் அவர்கள் சீட்டுக் கேட்பதில்லை. ஆற்றுக்கும் அந்த நெறியே பொருந்தும்.

பெரியாறு தரும் பாடம்

தேக்கடியில் 1996 முதல் 2004 வரை இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடைபெற்றது. காட்டு மரப்பட்டைகளைத் திருட்டுத்தனமாக உரித்து விற்று வந்த ஒரு குழுவினர் அத்திட்டத்தின் வாயிலாகப் பயணிகளின் வழிகாட்டிகளாகவும் காட்டின் காவலர்களாகவும் மாறினர். திட்டத்தின் வெளியுதவி முடிந்ததும் அவர்களின் கூலிக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. 2004ஆம் ஆண்டில் பெரியாறு அறக்கட்டளை அமைக்கப்பட்டு, பயணிகளிடம் பெறும் சூழல் மேம்பாட்டுக் கூடுதல் கட்டணம் அதன் நிதிக்கு வழிசெய்தது. அன்றாட வருவாயை அன்றே பங்கிட்டுவிடாமல் ஒரு நிதியில் சேர்த்து, ஆண்டு முழுவதற்கும் பயன்படுத்துவதே இதன் உட்கருத்து. புலிகள் காப்பகங்கள் அறக்கட்டளை அமைக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டில் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டபோது இம்முறை நாட்டிற்கே முன்மாதிரியாயிற்று.

செய்யத்தக்கவை

முதலாவதாக, கட்டண வருவாயில் ஒரு பகுதியை மழைநாள் நிதியாக ஒதுக்கி, துறை மூடப்படும் நாட்களிலும் காவலருக்குக் கூலி வழங்க வேண்டும். மூடிய நாளிலும் வேலை இல்லாமலில்லை. அத்துமீறி இறங்குவோரைத் தடுத்தல், பாதைகளைச் சீர்செய்தல், எச்சரிக்கைப் பலகைகளைப் புதுப்பித்தல் ஆகியவற்றை அன்று செய்யலாம்.

இரண்டாவதாக, துறையை மூடும் அதிகாரம் கரையில் நிற்பவருக்கே எழுத்து வடிவில் அளிக்கப்பட வேண்டும். மேலிடத்து அனுமதிக்குக் காத்திருக்கும் நேரத்தில் வெள்ளம் வந்துவிடும்.

மூன்றாவதாக, மேற்பகுதியில் வாழும் தோட்டத் தொழிலாளர்களையும் பழங்குடியினரையும் இணைத்து, மழை பெய்த உடன் கீழ்ப்பகுதிக் காவலருக்குத் தொலைபேசி வாயிலாகச் செய்தி தரும் ஏற்பாடு வேண்டும். செலவு சிறிது, பயன் பெரிது.

நான்காவதாக, முறையான பயிற்சி தேவை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016ஆம் ஆண்டில் தொடங்கிய ஆப்த மித்ரா திட்டம், பின்னர் 350 மாவட்டங்களில் 1 லட்சம் தன்னார்வலர்களுக்குப் பயிற்சியளிக்கும் அளவுக்கு விரிவாக்கப்பட்டது. அதுபோன்ற பயிற்சிகளில் ஆற்றுக் காவலருக்கு முன்னுரிமை தரலாம். கயிறெறிதல், செயற்கைச் சுவாசம், முதலுதவி ஆகியவற்றைக் கற்றவருக்குச் சான்றிதழ் வழங்கி, ஆண்டுதோறும் அவரையே மீண்டும் பணிக்கு அழைத்தால் அனுபவம் வீணாகாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் குழந்தைகளும் இளைஞர்களும் மிகுதி. ஒரு சுற்றுலாத் தலத்தின் வெற்றியை வந்து சென்றோரின் எண்ணிக்கையாலும் ஈட்டிய தொகையாலும் அளப்பது நம் வழக்கம். அறிக்கைகளில் இன்னொரு பத்தியும் இடம்பெறட்டும். ஆண்டில் எத்தனை நாட்கள் துறை உரிய நேரத்தில் மூடப்பட்டது, அந்நாட்களில் காவலருக்குக் கூலி கிடைத்ததா என்பனவற்றை அது காட்ட வேண்டும். அவ்விரண்டையும் மாவட்டந்தோறும் கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம் ஏற்படுமானால், ஆற்றங்கரையில் நிற்கும் அந்த எளிய தொழிலாளி தயக்கமின்றித் தம் ஊதுகுழலை ஊதுவார்.